பட்டா நிலத்தில் மான் செத்துக் கிடந்தால்: பலரும் செய்யும் தவறுகள்

பட்டா உங்கள் பெயரில் இருக்கலாம், வேலியும் நீங்கள் போட்டதாக இருக்கலாம். ஆனால் வரப்போரம் செத்துக் கிடக்கும் புள்ளிமான் உங்களுடையது அல்ல. இறந்து கிடக்கும் காட்டு விலங்கு மாநில அரசின் சொத்து என்று 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு சொல்கிறது. நாய் துரத்திச் செத்தாலும் கிணற்றில் விழுந்து செத்தாலும் இதுதான் நிலை. தவறுதலாகக் கொல்லப்பட்ட விலங்குக்கும் இதே விதிதான்.

முதல் தவறு, “எப்படியும் செத்துவிட்டது, கறி ஏன் வீணாகப் போக வேண்டும்?” என்று கத்தியை எடுப்பது. கொன்றது நானில்லை என்ற பதில் இங்கே உங்களைக் காப்பாற்றாது. கறி, தோல், கொம்பு எதுவாக இருந்தாலும் அது உங்கள் வசம் இருந்தது என்று நிறுவப்பட்டுவிட்டால், சட்டவிரோதமாக வைத்திருந்ததாகவே அதே சட்டத்தின் 57-ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். பங்கு வாங்கிய பக்கத்து வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். வெளிமான் போல, சட்டத்தின் முதல் அட்டவணையில் (மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்றவற்றின் பட்டியல்) உள்ள விலங்கு என்றால் தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

கொம்பு விஷயத்தில்தான் நல்லவர்களும் ஏமாறுகிறார்கள். ஆண் புள்ளிமானும் கடமானும் கொம்பை உதிர்த்துவிட்டு மறுபடி வளர்த்துக்கொள்பவை. அதனால் தோட்டத்தில் கிடந்த கொம்பை எடுத்து வீட்டுச் சுவரில் மாட்டுவதில் என்ன தப்பு என்று தோன்றும். தானாக உதிர்ந்ததாக இருந்தாலும், எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. உதிர்ந்த கொம்பின் அடி முழுதாக, சொரசொரப்பாக இருக்கும். செத்த மானிலிருந்து எடுத்ததில் ரம்பத் தடமோ ஒட்டிய மண்டையோட்டு எலும்போ தெரியும். பார்த்தவுடன் வனத்துறையினர் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பயத்தில் செய்யும் தவறுகள் இன்னும் மோசம். இரவோடு இரவாகக் குழி தோண்டிப் புதைப்பது, எரிப்பது, இழுத்துக்கொண்டு போய் ரோட்டோரம் போடுவது எல்லாம் இதில் சேரும். அரசுச் சொத்தை அனுமதியில்லாமல் அழிப்பதே தனிக் குற்றம். இயற்கையாகச் செத்த மானைக்கூட இப்படி மறைத்தால் வேட்டைச் சந்தேகம் உங்கள் மேல் திரும்பும். மின்கம்பியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்த வேலியில் மான் மாட்டியிருந்தால் சிலர் கம்பியைச் சுருட்டி ஒளித்துவிடுகிறார்கள். காலிலோ வயிற்றிலோ உள்ள தீக்காயத்தை உடற்கூறு ஆய்வு காட்டிவிடும்; சாட்சியத்தை அழித்த குற்றச்சாட்டும் கூடவே சேரும்.

அரசுச் சொத்து கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். இதை இரண்டு நாள் அவகாசம் என்று படிப்பது பெரிய தவறு. வெயிலில் ஒரே நாளில் வயிறு உப்பிவிடும், காக்கையும் நாயும் கண்ணையும் குடலையும் கிழித்துவிடும். அதற்குப் பிறகு மான் எதனால் செத்தது என்று கால்நடை மருத்துவரால் சொல்வது கடினம்.

ஆகவே பார்த்தவுடன் தொடாமல், கிடந்தபடியே மூன்று நான்கு பக்கத்திலிருந்து படம் எடுங்கள். தலை தெளிவாகத் தெரியட்டும், கொம்பு இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு அதுதான் பதில். நாய்களைக் கட்டிப்போடுங்கள். வனச்சரக அலுவலகத்துக்கு ஃபோன் செய்யுங்கள், கிடைக்காவிட்டால் காவல் நிலையத்துக்கு. பேசிய நேரத்தையும் பேசியவர் பெயரையும் குறித்துக்கொண்டு, அதே தகவலைப் படத்தோடு வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். வாய்வார்த்தை மட்டும் என்றால் பிறகு அதற்கு ஆதாரம் இருக்காது.

மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த ரத்தம் வழிந்து, உடலும் விறைக்காமல் கிடந்தால் கிட்டே போகாதீர்கள். அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். வயிற்றைக் கிழித்தால் கிருமி வித்துகள் மண்ணில் கலந்து பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். அடுத்து அந்த இடத்தில் மேயப்போவது உங்கள் மாடுதான்.

வனத்துறையினர் வந்து மகஜர் (சம்பவ இடத்தில் கண்டதைப் பதியும் ஆவணம்) எழுதிச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டால், படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். சர்வே எண், கண்ட நேரம், தகவல் கொடுத்த நேரம், உடலில் இருந்த காயங்கள், கொம்பின் நிலை ஆகிய ஐந்தும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் கையெழுத்துக்கு முன்பே எழுதச் சொல்லுங்கள்.