முயலுக்கு மூட்டுவலியா? இதைச் செய்யுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குளிர்காலமான ஜூன், ஜூலை வந்தாலே டைல்ஸ் தரை சில்லென்று ஆகிவிடும், வயசான முயலின் தடுமாற்றமும் அப்போதுதான் நம் கண்ணில் படும். தாவாமல் காலை இழுத்து நகர்கிறதா, பின்பக்க முடியில் மூத்திர ஈரமும் ஒட்டிய புழுக்கையும் இருக்கிறதா, பாருங்கள். முதுகை வளைத்துச் சுத்தம் செய்ய முடியாததால் வருவது அது, பாவம்.

முதலில் முயல்களைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பின்னங்கால் பலவீனத்துக்கு ஒட்டுண்ணித் தொற்றோ முதுகெலும்புக் காயமோ கூடக் காரணமாக இருக்கலாம், அதனால் மூட்டுவலிதான் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. மெலாக்சிகாம் என்ற வலி மருந்து அவர் சொல்லும் அளவில் மட்டும். நம் வீட்டு வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது.

அப்புறம் தரை. வழுக்காத ரப்பர் பாய் விரித்து மேலே மெத்தென்ற ஃப்ளீஸ் போர்வை போடுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள். கழிப்புத் தட்டின் ஒரு பக்கத்தைத் தரையோடு தரையாக வெட்டி, வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் காலைத் தூக்காமலே உள்ளே போகும். உலர்புல்லும் தண்ணீர்க் கிண்ணமும் பக்கத்திலேயே இருக்கட்டும். எடை ஏறவிடாதீர்கள்.

டிசம்பர் வெக்கையில் ஈரமான முடியில் ஈ முட்டையிட்டுவிடும், தினமும் இரண்டு வேளை பின்பக்கத்தைப் பாருங்கள். அரை நாள் சாப்பிடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் மறுநாள்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.