இளநிலை இயற்பியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: குமரி மாவட்டக் கல்லூரிகளை முன்வைத்து

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் வட்டாரங்களிலிருந்து இளநிலை இயற்பியலில் சேரும் மாணவர்களுள் கணிசமானோர், பொறியியலோ மருத்துவமோ கிடைக்காததால் இங்கு வந்துவிட்டோம் என்ற மனக்குறையோடுதான் முதலாண்டைத் தொடங்குகிறார்கள். அந்தக் குறை ஆறுவதற்குள் இரண்டு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. ஐந்தாம் பருவத்தில் "அடுத்து என்ன படிக்கலாம்?" என்று ஆசிரியரிடம் வந்து நிற்கும்போது, முதலாண்டுக்கும் இரண்டாமாண்டுக்கும் உரிய வாய்ப்புகள் பல அவர்களைக் கடந்து போயிருக்கும். இந்த மாவட்டத்தில் வாய்ப்புகளுக்குப் பஞ்சமில்லை; அவை வரும் காலத்தை அறியாமையும், சோதனைச்சாலையில் படிந்துவிட்ட சில பழக்கங்களுமே பெரிய இழப்பைத் தருகின்றன என்பது என் உறுதியான கருத்து.

காலத்தைக் கணக்கிடாமைதான் முதல் தவறு. பன்னிரண்டாம் வகுப்பில் தம் கல்வி வாரியத்தின் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் மதிப்பெண் பெற்று அடிப்படை அறிவியலில் சேர்ந்தவர்களுக்காக, மத்திய அரசின் இன்ஸ்பயர் திட்டம் ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்ற அளவில் உதவித்தொகையை வகுத்தது. அதில் 20,000 ரூபாய் கோடைகால ஆய்வுப் பணிக்கென ஒதுக்கப்பட்டது. இதற்கு முதலாண்டிலேயே விண்ணப்பித்தாக வேண்டும். தகுதி இருந்தும் செய்தி தெரியாமல் விட்டுவிட்டால் பிறகு வழியில்லை. மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்தும் நியஸ் (NIUS) எனப்படும் இளநிலை அறிவியல் மாணவர் முகாம்களும் இளநிலையின் தொடக்க ஆண்டுகளில் இருப்பவர்களுக்கானவை. இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் இணைந்து வழங்கும் இரண்டு மாதக் கோடைகால ஆய்வு நல்கைக்கு, கோடைக்கு வெகு முன்பே, முந்தைய ஆண்டின் பிற்பகுதியில் விண்ணப்பம் கோரப்படுகிறது. ஐஐடி போன்ற நிறுவனங்களில் முதுநிலைப் படிப்புக்கான ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு பிப்ரவரியில் நடந்தாலும் விண்ணப்பம் செப்டம்பர் வாக்கிலேயே தொடங்கிவிடும். நம் பல்கலைக்கழகத்தின் நவம்பர் பருவத் தேர்வுக்கு மாணவர்கள் ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் வேளையில் இவை வந்து போவதால், பருவத் தேர்வு முடியட்டும் என்று ஒத்திவைத்தவர்கள் அந்த ஆண்டை இழக்கிறார்கள். துறையின் அறிவிப்புப் பலகையில் ஓராண்டுக்கான நாள்காட்டி ஒன்றை மாணவர்களே எழுதி ஒட்டினால் இந்தத் தவறு பெருமளவு நீங்கும்.

அடுத்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் பார்வையில் இதுவே எல்லாவற்றினும் கொடியது. செய்முறை வகுப்பில் தனி ஊசலை வைத்து ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் மாணவர், 9.81 வர வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதற்கேற்ப அலைவு நேரத்தைத் திருத்தி ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறார். முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டைப் பார்த்து அப்படியே எழுதுவதும் உண்டு. நாம் ஏறத்தாழ 8 பாகை வட அட்சரேகையில் வாழ்கிறோம். புவியின் சுழற்சியாலும் நடுக்கோட்டுப் பகுதியின் புடைப்பாலும் இங்கே ஈர்ப்பு முடுக்கத்தின் உண்மையான மதிப்பு 9.78 அளவில்தான் இருக்கிறது. நீளத்தை மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்து, நூறு அலைவுகளை எண்ணி, பலமுறை திருப்பிச் செய்யும் பொறுமையுள்ளவருக்கு இந்த வேறுபாடு ஊசலிலேயே தென்படத் தொடங்கும். 9.81 என்று மோசடியாக எழுதியவர் தம் ஊரின் இயற்பியலையே அழித்துவிடுகிறார். ஆய்வுக்கூடங்களில் கோடைப் பயிற்சிக்குச் செல்பவரிடம் எதிர்பார்க்கப்படும் முதல் தகுதி, வந்த ரீடிங்கை வந்தபடியே எழுதி, அதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று கணக்கிடும் நேர்மைதான். மதிப்பெண் குறையும் என்ற அச்சம் மாணவரிடம் இருக்கிறது. சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் தரும் ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது.

ஆய்வு என்றால் பெங்களூருக்கோ மும்பைக்கோ போனால்தான் என்று எண்ணுவதும் தவறே. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கொண்ட மோனசைட் என்னும் கனிமம் இருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல். கல்லூரியிலுள்ள, கதிர்வீச்சை அளக்கும் கைகர் எண்ணியை ஆசிரியரின் அனுமதியோடும் மேற்பார்வையோடும் எடுத்துச் சென்று, வெவ்வேறு இடங்களில் எண்ணிக்கையை ஒப்பிடுவது ஒரு முழுமையான இறுதியாண்டுத் திட்டப்பணியாகும். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் சுழலும் காற்றாலைகள், காற்றின் திறன் வேகத்தின் முப்படிக்கு (கனத்துக்கு) ஏற்ப மாறும் என்ற பாடத்தைக் கண்முன் நிறுத்துகின்றன. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அந்த நாளில் நட்டுவைத்த கோலுக்கு நிழல் விழாத நேரத்தைக் குறித்துக்கொண்டு, சென்னையிலுள்ள ஒரு கல்லூரி அதே நாளில் அளந்த நண்பகல் நிழலோடு ஒப்பிட்டு, இரு ஊர்களுக்கும் இடையிலான தென்வடல் தொலைவையும் சேர்த்துக்கொண்டால் புவியின் சுற்றளவைக் கணக்கிட்டுவிடலாம். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கு, புவியின் காந்த நடுக்கோடு இப்பகுதியை ஒட்டிச் செல்வதே முக்கியக் காரணம். அந்தத் தும்பாவும், வலியமலையிலுள்ள விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகமும், விதுரையிலுள்ள ஐசர் (IISER) எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் திருவனந்தபுரம் மாவட்டத்தில், நமக்குப் பேருந்து தொலைவில் இருக்கின்றன. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் நம் மாவட்ட எல்லையை ஒட்டியே அமைந்திருக்கிறது.

போட்டித் தேர்வுகளுக்கு ஆயத்தமாவதில் நேரும் பிழை வேறு வகையானது. நம் பருவத் தேர்வுகள் நிறுவல்களை எழுதச் சொல்கின்றன. ஜாம் தேர்வின் அறுபது வினாக்களில் இருபது, விருப்ப விடைகளே இல்லாமல் எண்ணைக் கணக்கிட்டு உள்ளிடச் சொல்பவை. நிறுவலை மனப்பாடம் செய்தவர் அங்கே தடுமாறுவார். துணைப்பாடக் கணிதத்தைத் தேர்ச்சி பெற்றால் போதும் என்று ஒதுக்கியவரும் இதே இடத்தில்தான் விழுகிறார். இந்திய இயற்பியல் ஆசிரியர்கள் சங்கம் நடத்தும் தேசியப் பட்டதாரி இயற்பியல் தேர்வை முதலாண்டிலிருந்தே எழுதிப் பழகலாம். பரிசு கிடைக்காவிட்டாலும் தம் நிலை என்னவென்று தெரிந்துவிடும்.

இணையவழிக் கருத்தரங்குகளில் பெயரைப் பதிந்து சான்றிதழ்களைச் சேர்ப்பதால் பயன் மிகக் குறைவு. பணம் கட்டினால் கட்டுரை வெளியிடுகிறோம், பயிற்சிச் சான்றிதழ் தருகிறோம் என்பவர்களிடம் ஏமாறவே கூடாது.

கோடைப் பயிற்சி கேட்டுப் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது, ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புகிறார்கள். யாருடைய ஆய்வையும் படித்த சுவடு அதில் இருப்பதில்லை. ஒருவருடைய ஆய்வைப் பற்றி இரண்டு பத்திகளாவது படித்து, அதில் தமக்கு எழுந்த ஐயத்தையும், தம் கல்லூரியில் செய்த ஒரு சோதனையையும் எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதுமானது. மொழிப் பிழை இருக்குமோ என்று தயங்கி அனுப்பாமலே விடுவதைவிட, ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொண்டு அனுப்புவது நல்லது.

இடம் கிடைத்த பிறகும், குறிப்பாக மாணவிகள் சிலர், வீட்டில் அனுமதி கிடைக்காமல் அதை விட்டுவிடுகிறார்கள். கடைசி வாரத்தில் சொல்வதால் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. விண்ணப்பிக்கும்போதே அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து, எந்த நிறுவனம், எத்தனை வாரம், தங்குமிடம் எங்கே, வழிகாட்டும் பேராசிரியர் யார் என்று சொல்லிவிட வேண்டும். தேவைப்பட்டால் துறைத் தலைவரை வீட்டாரோடு தொலைபேசியில் பேசச் சொல்லலாம். அப்படிக் கேட்டு வரும் மாணவியை எந்த நல்ல ஆசிரியரும் திருப்பி அனுப்புவதில்லை.