கிரேனியோசினோஸ்டோசிஸ் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தையின் மண்டையோட்டுத் தையல் மூட்டுகள் காலத்துக்கு முன்பே எலும்பாகிச் சேர்ந்துவிடும் கிரேனியோசினோஸ்டோசிஸ் என்னும் குறைபாடு ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பிறப்புகளுக்கு ஒன்றில் காணப்படுகிறது. இதன் மூலக்கூறு உயிரியலை ஆராயப் புதிதாக வருகிறவர்கள், எங்கள் தலைமுறை செய்து கைவிட்ட பிழைகளையே அச்சுப் பிசகாமல் திரும்பச் செய்கிறார்கள். குழாயில் பெயர் ஒட்ட மறப்பது போன்றவற்றை விட்டுவிட்டு, விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சேர்ந்துபோன மூட்டில் காரணத்தைத் தேடுவது

இன்றைக்கும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட எலும்புப் பட்டையிலிருந்து சேர்ந்துபோன மூட்டையும், அதே குழந்தையிடம் இன்னும் திறந்திருக்கும் வேறொரு மூட்டின் துண்டையும் எடுத்து, இரண்டிலும் ஆர்என்ஏ பிரித்து வரிசைப்படுத்தி, வேறுபடும் மரபணுக்களின் பட்டியலை 'நோய்க் காரணம்' என்று அறிவித்துவிடுகிறார்கள். உச்சந்தலையில் முன்பின்னாக ஓடும் சஜிட்டல் மூட்டு பெரும்பாலும் கருப்பையிலேயே சேரத் தொடங்கிவிடுகிறது; அறுவை சிகிச்சையோ பிறந்து சில மாதங்கள் கழித்தே நடக்கிறது. கல்யாணம் முடிந்து பந்தலையும் பிரித்த பிறகு வந்து, பொருத்தம் பார்த்தவர் யார் என்று பந்தல்காரரை விசாரிப்பதற்கு ஒப்பானது இது.

ஒரு மாணவர் காட்டிய வரைபடத்தில், எலும்பாக்க மரபணுக்கள் பல சேர்ந்த பக்கத்தில் குறைவாகவே இயங்கின. எலும்பாக்கக் குறைவினால்தான் மூட்டு சேர்ந்தது என்று அவர் விளக்கமும் எழுதிவிட்டார். உண்மையில் அங்கே வேலை முடிந்திருந்தது. திறந்த மூட்டில் எலும்பின் விளிம்புகள் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தன. மூட்டைத் திறந்து வைத்திருக்கும் மூலச்செல்கள், அதாவது எலியில் 2015இல் Gli1 என்னும் மரபணுவைக் குறியீடாகக் கொண்டு அடையாளம் காணப்பட்ட மெசன்கைம் (இணைப்புத் திசு வகை) செல்கள், சேர்ந்த பக்கத்தில் மிஞ்சியிருக்க வழியில்லை. ஆகவே அவர் அளந்தது எலும்புக்கும் மூட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒப்பீட்டுக்கு எடுக்கும் திறந்த மூட்டு கரோனல் மூட்டாக இருந்தால், அது கருவின் நரம்பு முகடு செல்களிலிருந்து வரும் நெற்றி எலும்புக்கும் கருவின் நடு அடுக்கான மீசோடெர்மிலிருந்து வரும் பக்க எலும்புக்கும் நடுவே உள்ள எல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். ட்விஸ்ட்1 மரபணுவின் ஒரு பிரதியை இழந்த எலியில் இந்த எல்லையே குலைந்து இரு வகைச் செல்களும் கலந்துவிடுகின்றன. பிறப்பிடமே வேறான இரண்டு மூட்டுகளை ஒப்பிட்டால் கிடைப்பதில் பெரும்பகுதி அந்தப் பிறப்பிட வேறுபாடாகத்தான் இருக்கும்.

வரிசைப்படுத்தச் செலவிட்ட பணத்தைவிட, ஒரு குழந்தையிடமிருந்து மறுமுறை பெற முடியாத திசு வீணாவதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. மூட்டு முழுவதும் ஒரே நேரத்தில் சேர்வதில்லை; பாதி திறந்திருக்கும் முனை கிடைத்தால் அதைத் தனியாக வெட்டி உறைய வையுங்கள். காரணம் பற்றிய கேள்வியை, மூட்டு சேர்வதற்கு முந்தைய நாட்களின் எலிக் கருவில் கேளுங்கள்.

திசு எடுத்த வயதைக் குறிக்காமல் விடுவது

குறியுங்கள்.

எஃப்ஜிஎஃப்ஆர்2 சடுதிமாற்றங்கள் யாவும் ஒன்றே என்று கொள்வது

எஃப்ஜிஎஃப்ஆர்2 என்பது செல்லின் மேல் வளர்ச்சிக் காரணிகளைப் பிடிக்கும் ஏற்பி. ஏபர்ட் நோய்க்குறியில் அதன் 252ஆம் இடத்துச் செரின் டிரிப்டோஃபானாக மாறும்போது, ஏற்பி தன் வழக்கமான வளர்ச்சிக் காரணிகளை இறுகப் பிடிப்பதோடு, மெசன்கைமில் உள்ள அதன் வடிவம் இயல்பில் ஏற்காத எஃப்ஜிஎஃப்7, எஃப்ஜிஎஃப்10 ஆகிய காரணிகளையும் ஏற்கத் தொடங்குகிறது. குரூசோன் நோய்க்குறியில் 342ஆம் இடத்துச் சிஸ்டீன் மாறுவதால் துணையிழந்த மற்றொரு சிஸ்டீன் பக்கத்து ஏற்பியோடு பிணைந்துவிட, எந்தக் காரணியும் வந்து சேராமலே சமிக்ஞை ஓடுகிறது. ஆகவே காரணியைத் தடுக்கும் சோதனையில் இரண்டும் ஒரே விடை தரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மிகைச் செயல்பாடுதான் எப்போதும் காரணம் என்பது

எம்எஸ்எக்ஸ்2 மரபணுவில் 1993இல் கண்டறியப்பட்ட மாற்றம் அதன் செயல்பாட்டைக் கூட்டி மூட்டைச் சேர்க்கிறது; அதே மரபணு செயலிழந்தால் பக்க எலும்புகளில் துளைகள் மூடாமல் நிற்கின்றன. ஆனால் ட்விஸ்ட்1, ஈஆர்எஃப் ஆகிய மரபணுக்களில் அளவு பாதியாகக் குறைவதே மூட்டைச் சேர்க்கப் போதுமானது.

எலியின் பின்நெற்றி மூட்டைச் சஜிட்டலுக்கு ஈடாக்குவது

அது இயல்பாகவே சேரும் மூட்டு. மனிதரின் நெற்றி நடுவே ஓடும் மெட்டோபிக் மூட்டுக்கே ஈடு.

பெற்றோர் நலமாக இருப்பதால் மாற்றத்தை ஒதுக்குவது

எஃப்ஜிஎஃப்ஆர்3இல் 250ஆம் இடத்துப் புரோலின் அர்ஜினினாக மாறும் மியூங்கே நோய்க்குறியில், அதே மாற்றத்தைச் சுமக்கும் தாய்க்கோ தந்தைக்கோ சற்றுப் பெரிய தலையைத் தவிர வேறெதுவும் இல்லாதிருக்கலாம். 2016இல் விவரிக்கப்பட்ட எஸ்மேட்6 மரபணுவின் மாற்றங்களைச் சுமப்பவர்கள் பலருக்கு நோயே வருவதில்லை. பிஎம்பி2 மரபணுவுக்கு அருகே உள்ள, மக்களிடையே பரவலான ஒரு வேறுபாடும் கூடச் சேரும்போதுதான் ஆபத்து வெகுவாக உயர்கிறது. வடிகட்டும் நிரலில் 'பாதிப்பற்ற பெற்றோரிடமும் உள்ளது, எனவே நீக்கு' என்ற கட்டளை இருந்தால், எஃப்ஜிஎஃப்ஆர்3, எஸ்மேட்6 இரண்டின் மாற்றங்களையும் நீங்கள் பார்க்கும் முன்பே அது தூக்கியெறிந்திருக்கும்.