தேக்குத் தூள் நெஞ்சுக்குள் போகாமல் மரவேலை செய்யும் முறை

யாங்கோனில் வீட்டை ஒட்டிய பட்டறையில் தேக்கு நாற்காலிகள் செய்யத் தொடங்கிய சில மாதங்களில் விடாத இருமல் என்னைப் பிடித்துக்கொண்டது. முகக்கவசம் அணிந்துதான் வேலை செய்தேன் என்பதால் காரணம் நெடுநாள் விளங்கவில்லை. மரத்தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதியிலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. மூக்கின் உட்பகுதியைத்தான் அது முக்கியமாகத் தாக்குகிறது.

முதலில் முகக்கவசம். துணிக்கவசம் போதாது, என்-95 வேண்டும். காதில் மாட்டும் வகையை நான் வாங்குவதில்லை. தலைக்குப் பின்னால் இரு பட்டைகள் உள்ளதே முகத்தோடு ஒட்டி நிற்கும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று நுழைந்துவிடும்.

அடுத்து, உப்புத்தாளுக்கு முன் இழைப்புளியால் இயன்றவரை சீராக்குங்கள். இழைப்புளிச் சுருள் தரையில் விழுந்துவிடும். உப்புத்தாள் கிளப்பும் மென்தூளோ காற்றில் மிதக்கும்.

நான் தவறியது இதற்கடுத்த படியில். ஒருநாள் மாலை, உப்புத்தாளைப் பொருத்தித் தேய்க்கும் இயந்திரமான சாண்டரை நிறுத்திக் கவசத்தைக் கழற்றி, துடைப்பத்தை எடுத்த நேரத்தில் மின்வெட்டு வந்தது. டார்ச்சை அடித்தபோது, அதன் ஒளிக்கற்றைக்குள் தூள் கீழே இறங்காமல் பால்போல் அடர்ந்து சுழன்றுகொண்டிருந்தது. இத்தனை நாளும் வேலை முடிந்தது என்று எண்ணிய பிறகுதான் அதை மூச்சில் இழுத்திருக்கிறேன். ஆகவே, இயந்திரம் நின்ற பிறகும் கவசத்தைக் கழற்றாமல், கதவைத் திறந்து, மின்விசிறியை வெளிப்புறம் நோக்கி ஓடவிட்டு, டார்ச் ஒளியில் காற்று தெளிந்ததைப் பார்த்த பின்பே, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். துடைப்பமும், உடையில் கம்ப்ரசர் காற்றை அடிப்பதும் படிந்த தூளை மீண்டும் கிளப்பும். தேக்குத்தூள் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பையும் தரும் என்பதால், உடை மாற்றிக் கைகளைச் சோப்பால் கழுவிய பிறகே குழந்தைகளைத் தூக்குங்கள்.

வார்னிஷ், தின்னர் ஆகியவற்றின் ஆவியை என்-95 தடுக்காது. கரிம ஆவிக்கென்றே விற்கும் கரி வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். அதை அணிந்தும் தின்னர் வாடை வந்தால், கவசம் சரியாகப் பொருந்தவில்லை அல்லது வடிகட்டியின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள்.

பின்சேர்ப்பு: மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெயைத் துடைத்த துணியை எங்கே போடுவது என்று பகோவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதைச் சுருட்டிக் குவித்தால் காற்றோடு வினைபுரிந்து தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள். இடமில்லையென்றால் தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் அமிழ்த்தி மூடுங்கள்.