புதிய மதர்போர்டுக்குப் பழைய எஸ்எம்பிஎஸ் பொருந்துமா? இணைப்பான்களைச் சரிபார்க்கும் முறை

வடசென்னையின் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பகுதிகளில் ஜெராக்ஸ் கடையோ டிடிபி மையமோ நடத்துபவர்கள் கணினியைப் புதுப்பிக்கும்போது, கேபினெட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) அப்படியே வைத்துக்கொண்டு, மதர்போர்டு, பிராசஸர், ரேம் ஆகியவற்றை மட்டும் ரிச்சி தெருவில் வாங்கி வருவது வழக்கம். இதில் பணம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் பிளக் உள்ளே நுழைவது மட்டும் போதாது. அதன் ஒவ்வொரு பின்னிலும் (உலோக முனையிலும்) வரும் மின்னழுத்தம் போர்டு எதிர்பார்ப்பதாக இருக்க வேண்டும். ஆகவே கடைக்குப் புறப்படும் முன்பே கீழ்க்கண்டவற்றைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் சுவர் சுவிட்சை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். போர்டில் எஞ்சியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

அடுத்து, வாங்கப்போகும் போர்டின் கையேட்டை உற்பத்தியாளரின் இணையதளத்திலிருந்து இறக்கி, அதில் என்னென்ன மின் சாக்கெட்டுகள் உள்ளன என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான போர்டுகளில் 24 பின் கொண்ட முதன்மைச் சாக்கெட் ஒன்றும், பிராசஸருக்கு அருகில் 4 அல்லது 8 பின் சாக்கெட் ஒன்றும் இருக்கும். 24 பின் முறை 2003இல் வந்தது. அதற்கு முந்தைய 20 பின்னோடு 12, 5, 3.3 வோல்ட் கம்பிகளில் ஒவ்வொன்றும் ஒரு தரைக் கம்பியும் சேர்க்கப்பட்டன. 20+4 என்று பிரியும் பிளக் என்றால், இரு துண்டுகளையும் ஒன்றாகப் பிடித்துச் செருகினால் போதும்.

பலர் தடுமாறுவது பிராசஸர் இணைப்பில்தான். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 8 பின் பிளக்குகளில் இரு வகை உண்டு. பிராசஸருக்கானது 4+4 என்று சரிபாதியாகப் பிரியும். கிராஃபிக்ஸ் கார்டுக்கானது 6+2 என்று பிரியும். முன்னதில் ஒரு வரிசை முழுவதும் மஞ்சள் கம்பி (12 வோல்ட்), மறு வரிசை முழுவதும் கறுப்பு (தரைக் கம்பி). பின்னதில் மஞ்சள் மூன்று, கறுப்பு ஐந்து. அவையும் எதிர்ப்பக்கத்தில் அமைந்திருக்கும். இதனால் கிராஃபிக்ஸ் பிளக்கைப் பிராசஸர் சாக்கெட்டில் திணித்தால் 12 வோல்ட் நேராகத் தரைக் கம்பியோடு சேர்ந்து ஷார்ட் ஆகும். எல்லாக் கம்பியும் கறுப்பாக இருந்தால், பிளக்கின் முகத்தைக் கூர்ந்து பாருங்கள்: சில துளைகள் சதுரமாகவும், சில மூலை மழுங்கியும் இருக்கும். சாக்கெட்டிலும் அதே அமைப்பு இருந்தால்தான் அது உரிய பிளக். நுழைய மறுக்கும் பிளக்கை அழுத்தாதீர்கள். அந்த மறுப்பே உங்கள் போர்டுக்குப் பாதுகாப்பு.

எஸ்எம்பிஎஸ்ஸில் 4 பின் மட்டும் இருந்து, போர்டு 8 பின் கேட்டால், குறைந்த மின்சாரம் இழுக்கும் பிராசஸர்களில் பெரும்பாலும் இயங்கும் என்றாலும், நாள் முழுதும் ஓடும் கடைக் கணினிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மோலெக்ஸிலிருந்து (ஹார்ட் டிஸ்க் போன்றவற்றுக்கான பழைய வகை 4 பின் பிளக்) பிராசஸருக்கு மாற்றும் மலிவான கன்வெர்ட்டர்களுக்கும் இதே பதில்தான். மாறாக, போர்டில் 8 பின்னுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு 4 பின் சாக்கெட் இருந்தால் கவலை வேண்டாம். சாதாரணப் பயன்பாட்டுக்கு அது காலியாக இருக்கலாம்.

டெல், எச்பி போன்ற பிராண்டட் கணினிகளிலிருந்து கழற்றிய எஸ்எம்பிஎஸ் பலவற்றில் அந்த நிறுவனங்களுக்கே உரிய இணைப்பான்கள் இருக்கும். அவற்றைச் சாதாரணப் போர்டுக்குப் பயன்படுத்த முடியாது. கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய மாடுலர் வகையில், வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை ஒருபோதும் மாட்டாதீர்கள். போர்டு முனை ஒன்றுபோலத் தெரிந்தாலும், மறுமுனையின் பின் வரிசை மாறியிருக்கக்கூடும். அப்படி மாறியிருந்தால் ஹார்ட் டிஸ்க் உட்பட எல்லாம் பாழாகிவிடக்கூடும்.

காசிமேடு, ராயபுரம் போலக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். பழைய பிளக்கின் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, பச்சைப் படிவோ, கருகிய பிளாஸ்டிக்கோ தெரிந்தால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடுங்கள்.

எல்லாம் பொருந்தினால், கொக்கி 'டக்' என்று விழும்வரை ஒவ்வொரு பிளக்கையும் நேராகச் செருகி, கணினியை இயக்குங்கள். மின்விசிறி சுழன்றும் திரையில் எதுவும் வராவிட்டால், மின்கம்பியை மீண்டும் கழற்றிவிட்டு, பிராசஸருக்கு அருகிலுள்ள இணைப்பு முழுமையாக இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.