அல்பம் அட்டையில் தமிழ் எழுத்து

திருகோணமலையில் இருந்து அல்பம் வெளியிடுகிறீர்கள் என்பதற்காகக் கோணேசர் மலை, நிலாவெளிக் கடல், கன்னியா வெந்நீர்க் கிணறு எல்லாவற்றையும் ஒரே அட்டையில் திணிக்க வேண்டாம். பாட்டின் மனநிலைக்குப் பொருந்தும் ஒரு படம் போதும். திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான் ஒன்று, பின்னால் வெறும் சுவர் என்று எடுத்தால் எழுத்துக்கும் தாராளமாக இடம் கிடைக்கும்.

அளவு 3000க்கு 3000 பிக்சல், திரைக்குரிய ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) நிறம்.

எழுத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், எனக்கு அதுதான் கவலை. போட்டோஷொப்பின் பழைய பதிப்பில் 'கொ', 'கை' எல்லாம் உடைந்து வந்தால் செட்டிங்ஸில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து எஞ்சினைத் தெரிவு செய்யுங்கள். கூகுள் ஃபொன்ட்ஸில் உள்ள தமிழ் எழுத்துருக்கள் இலவசம், விற்கும் அல்பத்துக்கும் போடலாம்: மெல்லிய பாட்டுக்குக் கையெழுத்துப் போன்ற கவிவனார், ராப்புக்கு முக்த மலரின் தடித்த வடிவம். வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதலாக இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மேல்வரி 'மு'வின் வால் கீழ்வரி 'கி'யின் கொக்கியில் முட்டும். அப்புறம் போனில் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். மெய்யெழுத்தின் புள்ளி மறைந்தால், பாடகர் பெயரைச் சிறிதாக்கியாவது தலைப்பைப் பெரிதாக்குங்கள்.