தானாக எழும் சீட்டு: மோட்டார் வைத்த சீட்டுக்கட்டை வீட்டிலேயே செய்யலாம்

மேஜையில் ஒரு கண்ணாடி டம்ளர். அதில் நிமிர்ந்து நிற்கும் சீட்டுக்கட்டு. மேஜிக் செய்பவர் நாலடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கூட்டத்திலிருந்து ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டு மட்டும் கட்டுக்குள்ளிருந்து மெல்ல, மிக மெல்ல மேலே எழுகிறது. இந்த வித்தையை முதல்முறை பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதைச் செய்யும் கட்டை எப்படி உருவாக்குவது என்றுதான் இங்கே சொல்லப்போகிறேன். சால்டரிங் இரும்பைப் பிடிக்கத் தெரிந்தால் போதும். புரோகிராம் எதுவும் எழுத வேண்டாம்.

வித்தை பழையது. அமெரிக்க மேஜிக் கலைஞர் ஹோவர்ட் தர்ஸ்டன் (1869–1936) பெயர் வாங்கியதே எழும் சீட்டுகளால்தான். அவர் நம்பியது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூலை. மேடையில் மின்சாரத்தை ஒளித்து வைப்பதும் புதிதல்ல. கடிகாரம் செய்யக் கற்ற பிரான்ஸின் ராபேர் ஊதேன், 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே மின்காந்தத்தை மறைத்து வைத்து, ஒரு சின்னப் பெட்டியை யாராலும் தூக்க முடியாதபடி செய்து காட்டியவர். நூல் என்றால் வெளிச்சம் சரியாக அமைய வேண்டும், மறுமுனையை இழுக்க ஆள் வேண்டும். மோட்டாரில் அந்தக் கவலை இல்லை. வேறு கவலைகள் உண்டு, சொல்கிறேன்.

எப்படி வேலை செய்கிறது

ஒரு சீட்டின் அளவு 63 × 88 மி.மீ., தடிமன் ஏறக்குறைய 0.3 மி.மீ. 52 சீட்டு சேர்ந்தால் 15.6 மி.மீ. இதை மூன்று பங்காகப் பிரிக்கிறோம். பின்பக்கம் 40 சீட்டு ஒட்டிய, உள்ளே குடைந்த ஒரு கட்டை. முன்பக்கம் 11 சீட்டு ஒட்டிய மெல்லிய கட்டை. நடுவில் ஒரே ஒரு சீட்டுக்கு இடம். கணக்கு சரியாக 52.

குடைந்த பகுதிக்குள் ஒரு குட்டி மோட்டார் படுத்திருக்கும். அதன் தண்டில் ஒரு ரப்பர் உருளை. உருளையின் விளிம்பு மட்டும் ஒரு சின்னத் துளை வழியாக எட்டிப் பார்த்து, நடுவில் நிற்கும் சீட்டின் முதுகைத் தொடும். மோட்டார் சுற்றினால் சீட்டு மேலே ஏறும். அவ்வளவுதான். மின்னணு வேலை ஒரு மாலையில் முடிந்துவிடும். உருளையையும் அழுத்தத்தையும் சரி செய்யத்தான் எனக்கு இரண்டு வாரம் ஆனது, அதனால் அந்த இடங்களை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள்.

வாங்க வேண்டியவை

ஒரே டிசைனில் மூன்று சீட்டுக்கட்டு: ஒன்று வெட்ட, ஒன்று மேடையில் பயன்படுத்த, ஒன்று கைவசம். என்20 கியர் மோட்டார் ஒன்று, 6 வோல்ட், நிமிடத்துக்கு 30 சுற்று என்று கேளுங்கள். 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டும், அதற்கான கற்றுக்கொள்ளும் வகை, அதாவது ரிமோட்டின் அடையாள எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும், ரிசீவர் பலகையும் (3.3 முதல் 5 வோல்ட்டில் இயங்குவது, ரிலே இல்லாதது). 4 மி.மீ. தடிமன், 20 × 30 மி.மீ. அளவில், பாதுகாப்புச் சுற்றோடு வரும் 3.7 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரி. பிஎன்2222 டிரான்சிஸ்டர், 470 ஓம் ரெசிஸ்டர், 1என்4007 டையோடு, 104 என்று அச்சிட்ட செராமிக் கெபாசிட்டர், 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், சின்ன ஸ்லைடு சுவிட்ச். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் ஒரே நடையில் எல்லாம் கிடைக்கும். மற்றவர்கள் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம்.

மோட்டார் 6 வோல்ட்டுக்கானது, பேட்டரியோ 3.7 தருகிறது. வேண்டுமென்றேதான் அப்படி. மெதுவாகச் சுற்ற வேண்டும், சத்தமும் குறைய வேண்டும்.

முதல் படி: மின்சுற்றை மேஜை மேல் ஓட்டிப் பாருங்கள்

கட்டுக்குள் வைக்கும் முன் எல்லாம் வெளியே ஓட வேண்டும். பேட்டரியின் பிளஸ் சுவிட்ச் வழியாக ரிசீவரின் பிளஸுக்கும் மோட்டாரின் ஒரு முனைக்கும் போகட்டும். டிரான்சிஸ்டருக்குக் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று மூன்று கால்கள். மோட்டாரின் மறுமுனை கலெக்டருக்கு. எமிட்டர் பேட்டரியின் மைனஸுக்கு. ரிசீவரின் மைனஸும் அங்கேதான். ரிசீவரின் வெளியீட்டுக் காலிலிருந்து 470 ஓம் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுக்கு ஒரு கம்பி. டையோடை மோட்டாரின் இரு முனைக்கும் குறுக்கே வையுங்கள், வெள்ளிக்கோடு போட்ட பக்கம் பிளஸில் இருக்க வேண்டும்.

டிரான்சிஸ்டரில் ஒரு எச்சரிக்கை. பெயரில் 2222 என்று வருவதெல்லாம் ஒரே வரிசையில் கால் வைத்திருக்காது. சிலவற்றில் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறி இருக்கும். மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுச் சூடு வையுங்கள்.

104 கெபாசிட்டரை மோட்டாரின் முனைகளிலேயே, நேரடியாக, ஒட்டினாற்போல் சால்டர் செய்யுங்கள். நான் முதல் கட்டில் இதை விட்டுவிட்டேன். ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் சீட்டு அரை அங்குலம் எழுந்து நின்றது. விட்டு விட்டு அழுத்தினேன், விக்கல் எடுப்பது போல எழுந்தது. மோட்டாரின் பிரஷ் கிளப்பும் மின் இரைச்சல் ரிசீவரின் காதை அடைத்துவிடுகிறது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் இதே குடும்பத்து மருந்துதான். மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து ரிசீவர் அணைந்துபோகாமல் அது தாங்கிப் பிடிக்கும். அதை ரிசீவரின் பிளஸ், மைனஸுக்குப் பக்கத்தில் வையுங்கள், திசை பார்த்து.

ஆன்டெனாவுக்கு 17.3 செ.மீ. கம்பி. 433 மெகாஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கு நீளம் அது. வெட்டிக் குறைக்காமல், குடைந்த சட்டத்தின் உள்விளிம்பை ஒட்டி ஓடவிடுங்கள். பேட்டரி மேல் சுருட்டி வைத்தால் தூரம் குறைந்துவிடும்.

ரிசீவரில் ஒரு கற்றல் பட்டன் இருக்கும். அதை எத்தனை முறை அழுத்தினால் எந்த முறைக்குப் போகும் என்பது கூடவே வரும் தாளில் இருக்கும். நமக்கு வேண்டியது, அழுத்தும்வரை ஓடி, விட்டதும் நிற்கும் முறை. கார் சாவிகளில் பலவும் இதே அலைவரிசையில் பேசுகின்றன என்று பயப்பட வேண்டாம். இந்த வகை ரிமோட்டின் அடையாள எண்ணில் 10 லட்சத்துக்கும் மேல் சேர்க்கைகள் உண்டு.

இரண்டாம் படி: உருளை

பசைத் துப்பாக்கிக்கான 11 மி.மீ. பசைக்குச்சியை எடுத்து, 6 மி.மீ. நீளத்துக்கு ஒரு வில்லை வெட்டுங்கள். நட்டநடுவில் துளை. மோட்டாரின் தண்டு 3 மி.மீ., நீங்கள் அதைவிட ஒரு துளி சிறியதாகப் போட்டு அழுத்தி ஏற்றுங்கள். துளை ஓரம் போய்விட்டால் சீட்டு சீராக ஏறாது, நொண்டி நொண்டி ஏறும். நான் ஏழெட்டு வில்லைகளை வீணாக்கித்தான் ஒன்றைச் சரியாகப் பெற்றேன். பிறகு பலூனின் கழுத்திலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தை வில்லை மேல் மாட்டுங்கள். விட்டம் 12 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழே வரும், சுற்றளவு சுமார் 37 மி.மீ.

மூன்றாம் படி: கட்டைக் குடைவது

தகட்டிலோ தடித்த அட்டையிலோ ஒரு அச்சு செய்துகொண்டு, ஒவ்வொரு சீட்டாக வெட்டுங்கள். மொத்தமாக ஒட்டிவிட்டுக் குடைந்தால் கத்தி சாயும். மேலும் கீழும் 7 மி.மீ. ஓரம் விடுங்கள். வலப்பக்கமும் 7. இடப்பக்கம், மோட்டார் வரும் இடத்தில் மட்டும், 3 மி.மீ. போதும். காரணம் இருக்கிறது. மோட்டாரின் நீளம் 24 மி.மீ., அதன் பிறகுதான் தண்டும் உருளையும். ஓரத்தைக் குறைத்தால்தான் உருளை சீட்டின் நடுக்கோட்டுக்கு வரும். என் முதல் கட்டில் அது 5 மி.மீ. தள்ளி நின்றது. சீட்டு தலையைச் சாய்த்துக்கொண்டு எழுந்து, பாதியில் டம்ளர் விளிம்பில் மாட்டிக்கொண்டது.

இப்படி 38 சட்டங்கள். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை வேண்டாம், சீட்டு அப்பளம் போல வளைந்துவிடும். ரப்பர் பசையை மெல்லப் பூசி, காற்றில் காயவிட்டு ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரவு வையுங்கள். பசையும் கொஞ்சம் தடிமன் கூட்டும் என்பதால், எண்ணிக்கையைவிட அளவை நம்புங்கள்: 11.4 மி.மீ. வந்ததும் நிறுத்திவிடலாம்.

இந்தச் சட்டங்களின் முன்பக்கம் ஒரு முழுச் சீட்டை ஒட்டுங்கள். அதில் அடியிலிருந்து 65 மி.மீ. உயரத்தில், நடுவில், 8 மி.மீ. சதுரத் துளை. இந்த 65 என்ற எண்ணில்தான் பாதுகாப்பு இருக்கிறது. சீட்டின் அடி விளிம்பு உருளையைத் தாண்டியதும் பிடி விட்டுப்போகும். நீங்கள் பதற்றத்தில் ரிமோட்டை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் சீட்டு வெளியே பறக்காது. 65 மி.மீ. எழுந்து, மீதி 23 மி.மீ. கட்டுக்குள் ஊன்றிக்கொண்டு நிற்கும். உருளை 3.7 வோல்ட்டில் நிமிடத்துக்குச் சுமார் 18 சுற்று சுற்றும் என்று வைத்தால், முழுதாக எழ 6 வினாடி. மேடைக்கு இது நல்ல வேகம்.

மோட்டாரை 10 மி.மீ. பக்கம் ஆழத்தில் வரும்படி படுக்கவைத்து, முன் சீட்டின் உள்பக்கத்தில் ஒட்டுங்கள். உருளை துளை வழியே அரை மி.மீ.க்குச் சற்று மேல் துருத்தும். மோட்டாருக்குப் பின்னால் மிஞ்சும் இடைவெளியில் மெல்லிய ஃபோம் டேப். கீழே பேட்டரி, ரிசீவர், மற்றவை. அங்கே இடம் தாராளமாக இருக்கும். சுவிட்சையும் சார்ஜ் செய்யும் குட்டி இணைப்பையும் அடி விளிம்பில் வையுங்கள். கடைசிச் சீட்டை இரட்டைப் பக்க டேப்பால் மூடினால், பழுதானபோது திறக்கலாம்.

நான்காம் படி: அழுத்தம்

11 சீட்டுகளை ஒட்டிய முன்கட்டையை, அடியில் மட்டும் மெல்லிய டேப்பால் பின்கட்டையோடு கீல் போல இணையுங்கள். முன்சீட்டுகளை ஒட்டாமல் விட்டால், ஏறும் சீட்டு பக்கத்துச் சீட்டையும் கூட்டிக்கொண்டு வரும். முன்கட்டையின் உள்பக்கத்தில், உருளைக்கு எதிரே, வழவழப்பான செலோ டேப் ஒரு துண்டு.

இப்போது டம்ளரில் வைத்துப் பாருங்கள். சுவர் நேராக இருக்கும் டம்ளர்தான் வேண்டும். இறுக்கம் குறைந்தால் உருளை வழுக்கும், ரப்பர் தேயும் வாசனை வரும். கூடினால் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். டம்ளருக்கும் கட்டுக்கும் இடையில் தெளிவான பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகிச் செருகிச் சரியான இடத்தைக் கண்டுபிடியுங்கள். சோதனை எளிது: விரலால் சீட்டை மேலே இழுத்தால், சட்டைப் பையிலிருந்து ரூபாய் நோட்டை உருவுவது போல வர வேண்டும்.

டம்ளரின் அடியில் ஒரு வட்டத் துணி போடுங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வெறும் கண்ணாடியில் வைத்தால் மோட்டாரின் மெல்லிய ரீங்காரத்தை டம்ளர் வாங்கிப் பெரிதாக்கி மூன்றாவது வரிசை வரை அனுப்பும். துணி போட்டதும் பாதியாகக் குறைந்தது. மீதிக்கு மெல்லிய இசை போதும்.

சார்ஜ் செய்யும்போது

எல்லோரும் வாங்கும் டிபி4056 சார்ஜர் பலகை, வரும்போது 1 ஆம்பியர் தரும்படி அமைந்திருக்கும். நம் குட்டி பேட்டரிக்கு அது பல மடங்கு அதிகம், பேட்டரி உப்பிவிடும், தீப்பிடிக்கவும் கூடும். பலகையில் இருக்கும் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் வைத்தால் 130 மில்லிஆம்பியராக இறங்கிவிடும். பேட்டரியில் 150 மில்லிஆம்பியர் மணிக்குக் குறையாமல் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஆள் இல்லாமல் சார்ஜ் போடாதீர்கள்.

மேடையில்

ரிமோட்டைப் பாக்கெட்டில் வைத்து அழுத்தலாம்தான், ஆனால் சீட்டு எழும் நேரத்தில் கை பாக்கெட்டுக்குள் இருந்தால் எல்லாக் கண்ணும் அங்கேதான் போகும். ரிமோட்டைத் திறந்து, பட்டனின் இரு முனையிலிருந்து மெல்லிய கம்பி இழுத்து, ஷூவுக்குள் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் விரித்துக் காட்டியபடி நிற்கலாம்.

சாதாரணச் சீட்டுக்கட்டுக்குப் பதில் நம் மோட்டார் கட்டைக் கொண்டுவருவது இப்படி. சாதாரணக் கட்டிலிருந்து ஒருவர் சீட்டு எடுக்கட்டும், எந்தச் சீட்டு என்றாலும் சரி. "ஒரு கையெழுத்துப் போடுங்களேன்" என்று சொல்லிக்கொண்டே, கட்டைப் பிடித்த கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு மார்க்கரைத் தேடுங்கள். வெளியே வரும்போது மார்க்கரோடு நம் கட்டு கையில் இருக்கட்டும். நம் கட்டின் அடியில் இருக்கும் சுவிட்சை முன்பே போட்டுவிடலாம், ரிசீவர் மட்டும் விழித்திருக்கச் சில மில்லிஆம்பியர்தான் ஆகும். அவர் குனிந்து எழுதும்போது கட்டை யாரும் பார்ப்பதில்லை.

மை காயப் பத்து வினாடி கொடுங்கள், இல்லாவிட்டால் முன்கட்டையில் இழுகிக் கையெழுத்து கெட்டுவிடும். சீட்டின் முகம் கூட்டத்தைப் பார்க்க, இரு கட்டைகளுக்கும் நடுவே செருகி, டம்ளரில் இறக்குங்கள். நாலடி தள்ளிப் போங்கள். உடனே அழுத்தாதீர்கள். அந்த அமைதியில் மூன்று எண்ணுங்கள். எழுந்து நின்றதும் நீங்கள் எடுக்க வேண்டாம், கையெழுத்துப் போட்டவரையே மேடைக்கு அழைத்து எடுக்கச் சொல்லுங்கள். சீட்டை அவரே வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். அதற்குத்தான் மூன்றாவது கட்டு.